அடங்கலில் ஏறாத ஆடுகள்

கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடுகளில் ஊரோடு அதிகம் ஒட்டியது அடங்கல். எந்தப் புல எண், யார் பெயரில் பட்டா, எவ்வளவு பரப்பு, இந்தப் பசலியில் என்ன பயிர், இறவையா மானாவாரியா என்று அதில் பத்தி பத்தியாகக் கோடு போட்டிருக்கும். விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டத்தில் நான் வேலை பார்த்த ஊர்களில் பயிர்ப் பத்தியில் அதிகம் எழுதவேண்டி வந்த சொல் 'தரிசு'. புரட்டாசியில் ஈரம் கிடைத்தால் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, குதிரைவாலி, மல்லி என்று சில பக்கங்கள் நிரம்பும். அதைத் தாண்டினால் வேலிக்கருவை மண்டிய தரிசு, மறுபடி தரிசு.

அந்தத் தரிசில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம் உண்டு. காலையில் வெள்ளாடு இறங்கும். அறுப்பு முடிந்த காட்டில் கீதாரிகள் செம்மறி மந்தையை மேய்ப்பார்கள். இரவில் யாராவது ஒரு சம்சாரியின் புஞ்சையில் கிடை போட்டு, ஆட்டுப் புழுக்கைக்கு ஈடாகக் கூலி வாங்குவார்கள். கருவையை வெட்டி மூட்டம் போடும் குடும்பங்கள் இருந்தன. விறகை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, புகை எந்தப் பக்கம் கசிகிறது என்று இராத்திரியிலும் எழுந்து பார்த்து, நாள் கணக்கில் காத்துக் கரி எடுப்பார்கள். வெட்டியபின் தூர் தோண்டுவது தனி வேலை. தூர்க்கரிக்கு விலை கொஞ்சம் கூடுதல். கோடையில் உதிரும் கருவை நெற்றைப் பெண்கள் கூட்டி அள்ளி ஆட்டுக்குச் சேர்த்துவைப்பார்கள். இவற்றில் எதற்கும் அடங்கலில் பத்தி கிடையாது. நிலம் யாருடையது, அதில் என்ன விதைத்திருக்கிறது என்ற இரண்டை மட்டுமே அந்தப் படிவம் கேட்கும்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உலகம் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி எங்கள் கரிசல் காட்டுக்குள்ளேயே வந்து இறங்கியிருக்கிறது. அதனால்தான் இந்தப் படிவத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். அந்தப் பணம் எந்த வழியாகப் போக வேண்டும், யாரிடம் நிற்க வேண்டும் என்பதை அடங்கலும் பட்டாவும்தான் தீர்மானிக்கின்றன.

குண்டாறு திருச்சுழியைக் கடந்து தென்கிழக்கே போனால் கமுதி. அங்கே செங்கப்படைப் பக்கம் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் கட்டி முடிந்தது. அதானி குழுமத்துடையது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், ஏறத்தாழ 4,550 கோடி ரூபாய் முதலீடு. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது என்று சொல்லப்பட்டது. பிறகு வரிசையாக வந்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும் என்.எல்.சி. நிறுவனமே விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 709 மெகாவாட் அளவுக்குத் தகடு பதித்தது. இன்று அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே எந்தச் சாலையில் போனாலும் கருவைக்கு நடுவே நீலமாகத் தகடுகள் தெரிகின்றன. ஊரில் அந்த நிறுவனங்களுக்குப் பொதுப் பெயர் 'சோலார்காரங்க'.

நான் சோலாரை எதிர்ப்பவள் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகிறது. அதன் விளைவு எங்களுக்குக் கேள்விப்பட்ட செய்தி அல்ல. 2016-இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஏழு வருடம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளுக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே எண்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒரு தனி வறட்சியையோ ஒரு தனி வெள்ளத்தையோ காட்டி, இது முழுக்கப் புவி வெப்பத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் ஏழு சதவீதம் கூடும் என்பது இயற்பியல். பெய்யாத வருடம் காய்ந்து தீர்வதும் பெய்கிற வருடம் கொட்டித் தீர்ப்பதும் இனி அடிக்கடி நடக்கும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையையே மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்று வைத்தது. வெயிலில் மூட்டம் போடுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும்தான் அந்தப் பேரிடருக்கு முதலில் முகம் கொடுக்கிறவர்கள். தகடு வேண்டும். நிறைய வேண்டும். யாருடைய செலவில் என்பதுதான் என் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு மெகாவாட் தகடு வருடத்துக்குச் சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் தரும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கும்போது எடுத்துக்கொண்ட 19 சதவீதப் பயன்பாட்டு அளவிலிருந்து வரும் எண் இது. கமுதி அளவுப்படி ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஓர் ஏக்கரில் வருடம் 4 லட்சத்து 30 ஆயிரம் யூனிட். அந்த நிலையத்துக்கு மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அப்படியானால் ஏக்கருக்கு வருடம் முப்பது லட்சம் ரூபாய். அதே ஏக்கரில் நல்ல மழை வருடத்தில் மானாவாரி மக்காச்சோளம் இருபது குவிண்டால் எடுத்தால் பெரிய காரியம். குவிண்டால் இரண்டாயிரம் என்று வைத்தாலும் நாற்பதாயிரம் ரூபாய், அதில் விதை, உழவு, உரம், மருந்து, அறுப்புக் கூலி என்று பாதிக்கு மேல் போய்விடும். படைப்புழு விழுந்த வருடத்தில் எல்லாமே போய்விடும்.

முப்பது லட்சத்தை அப்படியே லாபம் என்று எடுத்துக்கொள்வது தவறு. 4,550 கோடியை 2,500 ஏக்கரால் வகுத்தால் ஓர் ஏக்கரில் ஒரு கோடியே எண்பது லட்சம் ரூபாய் இறக்கியிருக்கிறார்கள். சூரிய மின்சாரத்துக்கு நிலக்கரி வாங்க வேண்டியதில்லை, டீசல் ஊற்ற வேண்டியதில்லை. செலவு கிட்டத்தட்ட முழுவதும் முதல் நாளே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் அந்தப் பணத்துக்கான வட்டியும் தவணையும்தான். தகடு விலை சரிந்தபோது, கடன் மலிவாகக் கிடைத்தபோது, மின்சார விலையும் விழுந்தது. 2017-இல் தமிழ்நாடு மின்வாரியம் விட்ட ஒப்பந்தப்புள்ளியில் யூனிட் 3 ரூபாய் 47 பைசாவுக்கு வந்துவிட்டது. வெயிலில் ஒரு மாற்றமும் இல்லை. கமுதிக்கு ஒப்பந்தம் போட்டு இரண்டே ஆண்டில் விலை பாதியானது.

இதில் நிலத்துக்குப் போன பங்கு எவ்வளவு? ஏக்கர் சில லட்சம். ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு முன்னால் அது சிறு தொகை. அந்தச் சிறு தொகையையும் முழுக்க வாங்கியவர் பட்டாதாரர். எங்கள் பக்கத்துப் பட்டாதாரர்களில் பலர் சிவகாசியிலும் மதுரையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். தரகர் தேடிப்போய், பவர் பத்திரம் எழுதி வாங்கி, நாலைந்து கை மாறிக் கம்பெனிக்கு வருகிறது நிலம். விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது வருடம் ஒன்றும் விளையாத புஞ்சை, ஒரே கையெழுத்தில் மகள் கல்யாணமாகவும் மகன் படிப்பாகவும் மாறுகிறது என்றால் யார்தான் விற்கமாட்டார்கள்?

ஒரு கீதாரியிடம் இதைக் கேட்டேன். அவருடைய மந்தை வழக்கமாக மேய்ந்த காட்டில் பெரும்பகுதி வேலிக்குள் போய்விட்டது. "நீங்க யார்கிட்டயாவது முறையிட்டீங்களாய்யா?" என்றதற்கு அவர் சொன்ன பதில்: "அவுங்க நிலத்த அவுங்க வித்தாங்க தாயி. நான் என்னன்னு கேக்க முடியும்? என் ஆடு என்ன பத்திரத்தப் பாத்தா மேஞ்சுச்சு?" கோபமே இல்லாமல் சொன்னார். அந்தக் கோபமின்மை என்னை இன்னும் உறுத்துகிறது. தனக்கு உரிமை இல்லை என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

சட்டம் ஓரிடத்தில் அவரைப் போன்றவர்களைக் கண்டுகொண்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டு மத்திய அரசின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் யார் என்று விளக்கும்போது நில உரிமையாளரோடு நிற்கவில்லை. மூன்று வருடம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிர் செய்பவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. ஆனால் அது அரசு நிலம் எடுக்கும்போதுதான். கம்பெனி நேரடியாகக் கிரயம் வாங்கினால் அந்த ஏற்பாடு எதுவும் பெரும்பாலும் ஓடாது. சூரியத்தகடு நிலையங்கள் சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களின் பட்டியலிலும் இல்லை. ஆகவே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கட்டாயமில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு நாள் வேலை, அதற்குப்பின் வேலி.

வேலிக்கு உள்ளே போவது மேய்ச்சல் மட்டுமில்லை. ஊருக்கு ஊர் வண்டிப்பாதை இருக்கும். புலப்படத்தில் சில பாதைகள் ஏறியிருக்கும், சில ஏறாமல் வழக்கத்தில் இருக்கும். கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்கள் பட்டா நிலத்தின் ஊடாகவும் ஓடும். கரிசல் காட்டில் தண்ணீர் ஓடுவது வருடத்தில் சில நாள்தான்; மற்ற நாளில் பார்க்கிறவருக்கு அது வெறும் பள்ளம். நிரவிச் சமப்படுத்தித் தகடு நட்டுவிட்டால் அடுத்த ஐப்பசியில்தான் கண்மாய்க்குத் தெரியும். காவிரியையும் வைகையையும் குண்டாற்றையும் இணைக்க 14,400 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய். அந்தத் தண்ணீர் என்றாவது குண்டாற்றுப் பாசனக் கண்மாய்களைத் தேடி வரும்போது, கண்மாய்க்குப் போகும் கால் இருக்க வேண்டும் அல்லவா?

நிவாரணத்திலும் இதே கதைதான். 2017 வறட்சிக்கு அரசு அறிவித்தது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் கருகியிருக்க வேண்டும். பயிர் என்றால் அடங்கலில் ஏறிய பயிர். நிலவரியும் தள்ளுபடி ஆனது. வாரத்துக்கு உழுதவர் பெயர் பதிவேட்டில் இருக்காது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும், எங்கள் பக்கம் குத்தகை இன்னமும் வாய்ப்பேச்சுதான். தரிசு என்று எழுதிய நிலத்துக்கு நிவாரணம் கிடையாது. அந்தத் தரிசில் மேய்ந்து, புல்லும் நெற்றும் இல்லாமல் பாதி விலைக்கு விற்றுப்போன ஆடுகளுக்குப் பத்தியும் கிடையாது, பணமும் கிடையாது. பருவநிலை கெட்டதால் வரும் இழப்பீடு பட்டாவைத் தேடிப் போகிறது. பருவநிலையைச் சரிசெய்ய வரும் முதலீடும் பட்டாவைத் தேடியே போகிறது. இரண்டு தடவையும் வெளியே நிற்பது அதே குடும்பங்கள்.

இதே நியாயத்தைத்தான் இந்தியா உலக அரங்கில் கேட்டுவருகிறது. டெல்லியில் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தை நடத்திய அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். ஏழை நாட்டு நெல்வயலிலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் வரும் மீத்தேனையும், பணக்கார நாட்டுக் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தராசில் போடக்கூடாது. ஒன்று உயிர் வாழ்வதற்கானது, மற்றது சொகுசுக்கானது என்று அதில் வாதாடினார்கள். 1992 ரியோ மாநாட்டில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்று ஏற்றுக்கொண்டது. இன்றும் ஓர் அமெரிக்கர் வருடத்துக்குச் சராசரியாக 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணம் என்றால், ஓர் இந்தியருக்கு இரண்டு டன் பக்கம்தான். 2009-இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் 2020-க்குள் வருடம் 10,000 கோடி டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகையை முதல்முறையாக எட்டியதே 2022-இல்தான். 2024-இல் பாகுவில் 2035-க்குள் 30,000 கோடி என்று முடிவானபோது, இது போதவே போதாது என்று அந்த அரங்கிலேயே இந்தியா மறுப்புத் தெரிவித்தது. சரியான மறுப்பு. ஆனால் அந்த இரண்டு டன்னும் சராசரி. குளிர்சாதன அறையும் இரண்டு காரும் வைத்திருக்கும் சென்னைக் குடும்பத்தையும், மந்தையோடு நடந்தே தஞ்சாவூர் போய்த் திரும்பும் கீதாரியையும் சேர்த்து வகுத்து வந்த எண். வாஷிங்டனிடம் டெல்லி கேட்கிற நியாயத்தைச் சென்னையிடம் திருச்சுழி கேட்டால் தப்பா?

மூட்டம் போடுவதும் புகைதானே என்று கேட்கலாம். புகைதான். வெட்டிய கருவை சில வருடத்தில் அதே இடத்தில் தழைத்து, போன கரியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பூமிக்கு அடியில் கோடி வருடம் கிடந்த நிலக்கரி அப்படித் திரும்பாது. வேலிக்கருவை நிலத்தடி ஈரத்தை உறிஞ்சுகிறது, கண்மாயை அடைக்கிறது என்பதும் உண்மை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் பல மாவட்டங்களில் அதை வேரோடு பிடுங்கும் வேலை நடந்ததைப் பார்த்தோம். கண்மாய்க்குள் கருவை கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. காட்டில் அதை எடுக்கும்போது, அதை நம்பி அடுப்பெரித்த வீட்டுக்கு வேறு என்ன என்று யாராவது கேட்க வேண்டும்.

பொருளாதார அறிஞர்களுக்குள் பருவநிலை விஷயத்தில் நடக்கும் பெரிய சண்டை வட்டியைப் பற்றியது. ஐம்பது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? எதிர்கால ரூபாயை ஒரு வட்டி வீதத்தில் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்து இன்றைய மதிப்பாக்குவார்கள். 2006-இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கலஸ் ஸ்டெர்ன் எழுதிய அறிக்கை 1.4 சதவீதத்தை ஒட்டிக் கணக்குப் போட்டது. பின்னால் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய நல்வாழ்வை மட்டமாக மதிக்கக்கூடாது என்பது அவருடைய நிலை. அந்தக் கணக்கில் இன்றைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை செலவழிப்பது தகும். 2018-இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்கர் வில்லியம் நார்தாஸ், சந்தையில் முதலுக்குக் கிடைக்கும் வட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று ஐந்தரை சதவீதத்தின் பக்கம் நின்றார். அப்போது அதே லட்சம் இன்றைக்கு ஏழாயிரம்கூடப் பெறாது. தீவிரமாக இறங்குவதா, மெதுவாகப் போகலாமா என்ற உலக விவாதத்தில் பாதி இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

எங்கள் ஊர்களில் அவசரத்துக்குக் கிடைக்கும் பணம் மூன்று வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். அந்த வீதத்தில் கழித்துப் பார்த்தால், ஐம்பது வருடம் கழித்து வரும் ஒரு லட்சம் ரூபாய் இன்றைக்கு இரண்டு பைசா. மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிய ஒருத்தியிடம் போய், பேரனை நினைத்துப் பார், நிலத்தை விற்காமல் இருபத்தைந்து வருடத்துக்குப் பொறுமையாகக் குத்தகைக்கு விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் பேரனை நினைக்காமல் இல்லை. வட்டி அவளை நினைக்கவிடவில்லை. அதனால்தான் எங்கள் பக்கம் குத்தகையைவிடக் கிரயம் அதிகம். கம்பெனிக்கு மின்வாரியத்தோடு 25 வருட ஒப்பந்தம். வங்கி அதைப் பார்த்துக் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது. நிலத்தை விற்றவருக்கு அந்த 25 வருடத்தில் ஒரு நாள்கூடப் பங்கில்லை. ஸ்டெர்னைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது: 1974-இல் அவர் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்தில் பாலன்பூர் என்ற சிற்றூரை ஆய்வு செய்யத் தொடங்கி, அங்கே யார் யாரிடம் குத்தகை, யாருக்கு எவ்வளவு கடன் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தவர். உலகத்தின் எதிர்காலத்துக்குக் கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு கிராமத்தின் கடன் கணக்கைத் தெரிந்துகொண்டவர்.

என்னதான் செய்யலாம்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். சுரங்கக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகைக்கு மேல், அதில் பத்து சதவீதமோ முப்பது சதவீதமோ அந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு, பட்டா உண்டா இல்லையா என்று பார்க்காமல். 2008-ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கையில், மாநிலத்துக்குத் தரும் 12 சதவீத இலவச மின்சாரத்தோடு இன்னும் ஒரு சதவீதம் அணை கட்டிய வட்டாரத்தின் வளர்ச்சி நிதிக்கு என்று எழுதியிருக்கிறது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் கரிக்கு உள்ளூர்ப் பங்கு உண்டு. மலையில் ஓடும் ஆற்றுக்கும் உண்டு. வெயிலுக்கு மட்டும் அப்படி ஒரு சட்டப் பங்கு இல்லை. நெய்வேலியில் தோண்டுவதற்கு அறக்கட்டளைக்குக் கட்டும் அதே நிறுவனத்திடம், விருதுநகர் மாவட்டத்தில் தகடு பதித்ததற்குச் சட்டம் அப்படி எதுவும் கேட்பதில்லை. கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது; ஆனால் எங்கே, யாருக்கு என்று தீர்மானிப்பது கம்பெனி. அது தர்மம். நான் கேட்பது பங்கு.

யூனிட்டுக்கு ஐந்து பைசா போதும். 648 மெகாவாட் நிலையம் வருடத்துக்கு 100 கோடி யூனிட்டுக்கு மேல் தரும். ஐந்து பைசா என்றால் ஐந்து கோடி ரூபாய். இருபத்தைந்து வருடத்துக்கு, வருடம் தவறாமல். மின்சார விலை ஏறிவிடாதா என்பார்கள். இரண்டு மாதத்தில் 200 யூனிட் எரிக்கும் வீட்டில், அத்தனையும் சூரிய மின்சாரம் என்று வைத்தால்கூடப் பத்து ரூபாய். மின்வாரியம் கடனில் இருக்கிறது, உண்மைதான். ஏழு ரூபாய் மூன்றரை ரூபாயாக இறங்கியபோது மிச்சப்பட்டதில் ஐந்து பைசாவை ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை.

பணம் மட்டுமே வழி என்றும் இல்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தகடுகளுக்கு அடியில் செம்மறி மேய்க்கிறார்கள். புல் வளர்ந்து தகட்டை மறைக்காமல் இருக்கக் கம்பெனியே மந்தைக்காரருக்குக் கூலி கொடுக்கும் இடங்களும் உண்டு. வெள்ளாடு ஆகாது, தாவும், வயரைக் கடிக்கும். செம்மறி குனிந்து மேயும். கிடை போட்டுக் கூலி வாங்கிப் பழகிய எங்கள் கீதாரிகளுக்கு இதைவிடத் தோதான ஒப்பந்தம் வேறென்ன? கதவைத் திறந்துவிட்டால் போதும். இன்னொன்று, 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டம். துணை மின்நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள தரிசில் அரை மெகாவாட் முதல் இரண்டு மெகாவாட் வரை விவசாயிகளோ, கூட்டுறவுச் சங்கமோ, ஊராட்சியோ நிலையம் அமைக்க அதில் வழி இருக்கிறது. தடை முதல்தான், ஒரு மெகாவாட்டுக்குக் கோடிக்கணக்கில் வேண்டும். கம்பெனிக்குத் தரும் வட்டிக்கே ஊராட்சிக்கும் வங்கி கடன் தரும் என்று அரசு உத்தரவாதம் கொடுத்தால் அந்தத் தடை உடையும். பருவநிலைக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் கடனும் நிதியும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் வரும்வரை ஊர் காத்திருக்கத் தேவையில்லை. கிராம சபையில் மூன்று விஷயத்தைத் தீர்மானமாக எழுதலாம் என்று எங்கள் வட்டத்தில் சில ஊர்க்காரர்களிடம் சொல்லிவருகிறேன். முதலாவது, புலப்படத்தில் ஏறாத வண்டிப்பாதைகளின் பட்டியல். இரண்டாவது, ஒவ்வொரு கண்மாய்க்கும் எந்தெந்தப் பட்டா நிலத்தின் வழியாக வரத்துக்கால் வருகிறது என்ற விவரம். மூன்றாவது, தரிசை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் பெயர்: யார் எந்தக் காட்டில் எத்தனை ஆடு மேய்க்கிறார், யார் மூட்டம் போடுகிறார், யார் தூர் தோண்டுகிறார், எத்தனை வருடமாக. சபை ஏற்றுக்கொண்ட இந்தப் பட்டியலை வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி வைத்தால், நாளைக்குச் சோலார்காரர் வரும்போது ஊரின் கையில் ஒரு காகிதமாவது இருக்கும். வருடத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. மே 1 கூட்டத்தில் இந்தப் பட்டியலை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அப்போது கீதாரிகள் பாதிப்பேர் மந்தையோடு தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பார்கள். மழைக்கு அவர்கள் ஊர் திரும்பியபின் வரும் நவம்பர் 1 கூட்டம்தான் சரி.